ஸ்டூடியோவில் திருத்திய கண்

போன மாதம் ராஜபாளையத்திலிருந்து மகாலட்சுமி போன் செய்தாள். என்னிடம் வேலை பழகியவள். இப்போது வேறொரு கண் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

"அக்கா, ஒரு அம்மா போன்ல புள்ள படத்தக் காட்டுது. கண்ணு ரெண்டும் அம்புட்டு அழகா இருக்கு. நேர்ல பாத்தா ஒண்ணு மாறுகண்ணு. போனே திருத்திருதாம்க்கா. எடுக்கும்போதே திருத்திருதாம்."

"படத்த விடு. புள்ளய இருட்டறைக்குக் கொண்டு போ" என்றேன்.

"கொண்டு போயிப் பாத்துட்டுத்தான் பேசுதேன். உள்ள நல்லா இருக்கு, கண்ணாடி போட்டாப் போதும். அந்த ஸ்டூடியோ விசயத்த நீங்க எழுதிக் குடுக்கணும். புதுசா வந்திருக்க புள்ளைக, நா சொன்னா கத விடுதேங்குதுவ."

அதனால் எழுதுகிறேன். இதில் தப்பு செய்தவள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுவது படிக்கிறவர்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

என் பெயர் ஸ்டெல்லா. கண் மருத்துவ உதவியாளராக முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து மதுரையில் இரண்டு வருடம் படித்தேன். கசாப்புக் கடையில் ஆட்டுக்கண் வாங்கிவந்து அறுத்துப் பார்ப்போம். ஒரு மாதம் எனக்குக் கறிக்குழம்பு தொண்டையில் இறங்கவில்லை. படிப்பைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. தொழிலை நான் கற்றது டாக்டர் பத்மாவதியிடம்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே மெயின் ரோட்டில் அவர் ஒரு சின்ன ஆஸ்பத்திரி வைத்திருந்தார். பெயர் வேண்டாம். அந்தக் கட்டடத்தில் இப்போது டைல்ஸ் கடை இருக்கிறது. பிறந்து ஒரு மாதமான சிசுவும் வரும், தொண்ணூறு வயதுக் கிழவரும் வருவார். கரும்புத் தோகை கிழித்த கண், நெல் உமி பட்டுப் புண்ணாகிப்போன கருவிழி, சர்க்கரையில் உள்ளே ரத்தம் கசிந்த கண், கண் அழுத்த நோயில் ஓசையில்லாமல் செத்துப்போன கண் என்று எல்லாம் வரும். எதையும் டாக்டர் வெளிச்சத்தில் வைத்து முடிவு செய்ய மாட்டார். கட்டடத்தின் பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஒரு அறை இருந்தது. சுவரெல்லாம் கறுப்பு வர்ணம். உச்சி வெயிலில் உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் தன் கை தனக்குத் தெரியாது.

அந்த அறையில் டாக்டருக்கு ஒரு முறை உண்டு. லைட்டை அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் யாரும் பேசக் கூடாது. கண் இருட்டுக்குப் பழக வேண்டும் என்பார். அந்த இரண்டு நிமிடத்தில் சில பேர் ஜெபம் பண்ணுவார்கள். சில பேர் அழுவதும் கேட்கும். பிறகு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து, கையில் பிடிக்கிற சின்ன விளக்குக் கருவியின் துளை வழியாக நோயாளியின் கண் பாப்பாவை, கருவிழி நடுவில் இருக்கிற துளையைப் பார்ப்பார். நல்ல கண் என்றால் பாப்பாவுக்குள் சிவப்பு எரியும். நீறு பூத்த அடுப்புக் கங்கை ஊதினால் வருமே, அந்தச் சிவப்பு. அது வந்தால் உள்ளே வழி திறந்திருக்கிறது. கறுப்பாகவோ வெள்ளையாகவோ வந்தால் வழியில் ஏதோ நிற்கிறது. முதல் முறை அவர் என்னைப் பார்க்கச் சொன்னபோது, ஆள் தெரியாத இருட்டில் இரண்டு சிவப்பு வட்டம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது.

டாக்டர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஆனால் இரண்டு விஷயத்தில் விடமாட்டார். கேஸ் ஷீட்டில் 'ஒன்றுமில்லை' என்று எழுதக் கூடாது. "'நான் பாத்த வரைக்கும் தெரியல'ன்னு எழுது. எப்பிடிப் பாத்த, எந்த வெளிச்சத்துல பாத்தன்னும் எழுது" என்பார். இன்னொன்று, நோயாளி எதைப் பார்த்தேன் என்று சொன்னாலும் மறுத்துப் பேசக் கூடாது.

இரண்டாவது விஷயம் எனக்கு விளங்கியது புதுப்பட்டியிலிருந்து வந்த ஒரு பெரியவரால். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். அழுத்த நோய் இரண்டு கண்ணையும் முடித்த பிறகுதான் வந்தார். இருட்டறையில் அந்த இரண்டு நிமிடத்துக்குள் மெல்லச் சொன்னார்.

"டாக்டரம்மா, ஒங்களுக்குப் பின்னால ரெண்டு பேரு நிக்காவ."

டாக்டருக்குப் பின்னால் நின்றது நான் ஒருத்திதான். சட்டென்று திரும்பிப் பார்த்தேன். சுவர்கூடத் தெரியவில்லை. டாக்டர் அசையாமல் கேட்டார்.

"அவிய என்ன உடுத்திருக்காவ?"

"பச்சத் தலப்பா. முழங்கா ஒசரந்தான் இருக்காவ. மூஞ்சி சரியாத் தெரியல."

"பேசுதாவளா?"

"பேச மாட்டாவ. சும்மா பாத்துக்கிட்டே நிப்பாவ. வீட்ல சொன்னா மகன் பேயோட்டக் கோடாங்கிட்டக் கூட்டிட்டுப் போறேங்கான். அதான் யாருட்டயும் சொல்றதில்ல."

பார்வை போன கண்ணிலிருந்து செய்தி வராதபோது மூளை தானாகப் படம் போட்டுக்கொள்ளும், இது பைத்தியமும் இல்லை பேயும் இல்லை என்று டாக்டர் நிதானமாக விளக்கினார். அத்தனை பெரிய மீசைக்காரர் தேம்பித் தேம்பி அழுதார். நாலு வருடமாக ஒற்றையாக மனசுக்குள்ளேயே வைத்திருந்தாராம். அவர் போன பிறகு டாக்டர் என்னிடம், "திரும்பிப் பாத்தீல்ல?" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. "பாத்தது தப்பில்ல ஸ்டெல்லா. அவரு பொய் சொல்லலன்னு நெனச்சதாலதான திரும்புன" என்றார்.

இவ்வளவையும் படித்துக் கரைத்துக் குடித்தவள் நான். அதன் பிறகு எத்தனையோ வருடம் கழித்து ஜெசிந்தா வந்தபோது இதில் ஒன்றைக்கூட நான் செய்யவில்லை.

அது ஒரு சனிக்கிழமை மதியம். டாக்டர் கண் சிகிச்சை முகாமுக்குப் போயிருந்தார். ஜெசிந்தா வன்னியம்பட்டிக்காரி, இருபத்து மூன்று வயது இருக்கும். புருஷன் ராணுவத்தில், எல்லைப் பக்கம். அவளோடு புருஷனின் அக்கா எஸ்தரும் வந்திருந்தாள். ஜெசிந்தாவின் இடுப்பில் பதினாலு மாதப் பெண் குழந்தை, பெயர் பிளெஸ்ஸி. என் வளையலைப் பிடித்து இழுத்து விளையாடியது.

"அக்கா, லைட்ட அமத்திட்டு டி.வி. வெளிச்சத்துல பாத்தா இவளுக்கு எடது கண்ணு மட்டும் வெள்ளையா மின்னுது" என்றாள் ஜெசிந்தா. "பூனக் கண்ணு மாதிரி. செத்த நேரந்தான். திரும்புனா போயிருது. வீட்ல யாருக்கும் தெரிய மாட்டேங்கு."

"தெரிஞ்சாத்தான" என்றாள் எஸ்தர். "புள்ள பொறந்ததுலருந்து இவ இப்பிடித்தான் மேடம். ராத்திரி ஒறங்குறதில்ல. புள்ளக்குள்ள யாரோ இருந்து பாக்குறாவன்னு சொல்லுதா. பாஸ்டரக் கூப்புட்டு ஜெபமும் பண்ணியாச்சி."

குழந்தையை ஜன்னலோரம் கொண்டுபோய் டார்ச் அடித்துப் பார்த்தேன். வெளிச்சத்தில் பாப்பா சுருங்கிக் கடுகளவு ஆகிவிட்டது. கறுப்பாகத்தான் தெரிந்தது. இருட்டறைக்குக் கொண்டுபோனதும் பிளெஸ்ஸி அலறினாள், பார்க்காமலே திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரத்தில் எஸ்தர் பையிலிருந்து பெரிய ஆல்பம் ஒன்றை எடுத்து என் மேஜையில் விரித்தாள். முதல் பிறந்தநாள் ஆல்பம். பளபளவென்று நாற்பது பக்கம். கேக் முன்னால் பிளெஸ்ஸி, தொட்டிலில் பிளெஸ்ஸி, சபை மூப்பர் மடியில் பிளெஸ்ஸி. எல்லாப் படத்திலும் இரண்டு கண்ணும் கறுகறுவென்று, நடுவில் ஒரு வெளிச்சப் புள்ளியோடு லட்சணமாக இருந்தன.

"நீங்களே பாருங்க மேடம். அம்புட்டும் ஃபிளாஷ் அடிச்சு எடுத்தது. ஒண்ணுலயாவது வெள்ளையாத் தெரியுதா?"

தெரியவில்லை. எனக்கும் அது போதுமாக இருந்தது. இருபது வருடத்துக்கு மேல் அனுபவம் என்ற திமிர் வேறு. ஷீட்டில் 'ஒன்றுமில்லை' என்று எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம், எனக்கு வாய் நீளம். "நல்லாத் தூங்கி எந்திரி தாயி. ஒறக்கம் கெட்டா கண்ணுக்கு என்னென்னமோ தெரியும்" என்று ஜெசிந்தாவுக்குப் புத்தியும் சொன்னேன்.

அவள் அழவில்லை. ஆல்பத்தின் மேல் குனிந்து ஒரு படத்தை விரலால் தொட்டாள்.

"அக்கா, இது எம்புள்ள கண்ணு இல்ல" என்றாள்.

எஸ்தர் என்னைப் பார்த்து, 'பாத்தீயளா' என்பதுபோல் தலையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். அந்தப் பெண்ணுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஆறு மாதம் கழித்து ஜெசிந்தா தனியாக வந்தாள். எஸ்தருக்குத் தெரியாமல் பஸ் ஏறியிருக்கிறாள். குழந்தையின் இடது கண் சற்று வெளியே திரும்பியிருந்தது. இருட்டே வேண்டாம், வராண்டாவில் வைத்தே பாப்பாவுக்குள் மங்கலான மஞ்சள் வெள்ளை தெரிந்தது. 

டாக்டர் இருந்தார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவையாக மூன்று முறை சொட்டு மருந்து விடச் சொன்னார். விட்டேன். பாப்பா நன்றாக விரிந்ததும் குழந்தையைப் போர்வையில் சுற்றி ஜெசிந்தாவின் மடியில் கிடத்தி, லைட்டை அணைத்தார். இரண்டு நிமிடம். பிளெஸ்ஸி அன்று அழவே இல்லை. இருட்டில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. டாக்டர் கருவியைக் கண்ணில் வைத்தார். இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு எழுந்து, "ஸ்டெல்லா, வந்து பாரு" என்றார்.

வலது கண்ணில் கங்குச் சிவப்பு. இடது கண்ணில் சிவப்பு இல்லை. அந்த இடத்தில் வெள்ளையாக, கட்டியாக, மேலே மெல்லிய ரத்த நாளம் ஓடுகிற ஒன்று இருந்தது. குழந்தை அசையும்போது அது ஒளியை வாங்கித் திருப்பி அனுப்பியது. தலை என்னவோ பிளெஸ்ஸியின் தலைதான். அந்த ஒரு துளையில் மட்டும் வேறு ஏதோ என்னைப் பார்ப்பது போல இருந்தது. ஜெசிந்தா இதைத்தான் மாதக்கணக்காகத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

விழித்திரையில் வளருகிற புற்றுநோய். சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் வருவது. கண்ணுக்குள்ளேயே இருக்கும்போது பிடித்துவிட்டால் ஒரு கண்ணைக் கொடுத்து உயிரை மீட்டுவிடலாம். கண்ணுக்குப் பின்னால் போகும் நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைப் பக்கம் நகர்ந்துவிட்டால் கஷ்டம். டாக்டர் எதையும் மறைக்காமல் ஜெசிந்தாவிடம் சொன்னார். பிறகு, "எப்பருந்தும்மா?" என்று கேட்டார்.

"ஒம்பது மாசக் கொழந்தையிலருந்து. ஆறு மாசத்துக்கு முன்னால இங்கதான் வந்தேன். இந்த அக்காட்டத்தான் காமிச்சேன்."

டாக்டர் பழைய ஷீட்டை எடுத்துவரச் சொன்னார். நான் எழுதியதைப் படித்தார். திட்டுவார் என்று நின்றேன். பேனாவை என்னிடம் நீட்டி, "இன்னைக்கு என்ன பாத்தியோ அத இதுக்குக் கீழயே எழுது" என்றார். எழுதினேன். ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

அன்றே மதுரைப் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். கூடவே ஒரு வேலையும் சொன்னார். ஃபிளாஷ் போட்டு எடுத்த பழைய படங்களில் இந்த வெள்ளை எப்போது முதலில் தெரிந்தது, வலது கண் எப்போதாவது மின்னியதா என்று பார்க்க வேண்டும். ஸ்டூடியோவில் மூலப் படங்கள் இருக்கும், போய்ப் பார் என்றார். உண்மையைச் சொல்கிறேன், நான் டாக்டர் சொன்னதற்காக மட்டும் போகவில்லை. ஆல்பத்தில் இல்லாதது மூலத்திலும் இருக்காது, இது பின்னால் வந்த வியாதி, என் மேல் தப்பில்லை என்று எனக்கே காட்டிக்கொள்ளத்தான் ஓடினேன்.

ஸ்டூடியோ ஸ்ரீவில்லிபுத்தூரில். முத்துப்பாண்டி என்று முப்பது வயது ஆள், அப்பாவுக்குப் பிறகு அவன் நடத்துகிறான். உள்ளே ஏ.சி. அறையில் ஜன்னலை எல்லாம் கறுப்புத் துணி போட்டு மூடியிருந்தான். பிளெஸ்ஸி பிறந்தநாள் என்று சொன்னதும் கம்ப்யூட்டரில் மூலப் படங்களைத் திறந்தான்.

முதல் படத்தில் கேக் முன்னால் பிளெஸ்ஸி. வலது கண்ணில் சின்னச் சிவப்பு. இடது கண் வெள்ளை. அடுத்த படம், வெள்ளை. மூப்பர் மடியில் பக்கவாட்டில் திரும்பிய படத்தில் கறுப்பு. நேராகப் பார்த்த அடுத்த படத்தில் திரும்பவும் வெள்ளை. கேமராவுக்குள் பார்த்துச் சிரிக்கிற ஒவ்வொரு படத்திலும் ஒற்றைக் கண்ணில் விளக்கு எரிந்தது.

"லென்சு கோளாறுன்னு நெனச்சேங்க்கா" என்றான் முத்துப்பாண்டி. "ஃபிளாஷக்கூட சர்வீசுக்குக் குடுத்தேன். ஆல்பத்துல அப்பிடியே போட்டா பாக்க நல்லாவா இருக்கும்? அதான் கண்ண மாத்திட்டேன்."

"மாத்துனன்னா?"

அவன் இன்னொரு போல்டரைத் திறந்தான். அதன் பெயரே 'கண்'. நான் அலறிவிடாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். திரை முழுக்க முகம் இல்லாத கண்கள். ஜோடி ஜோடியாக, வரிசை வரிசையாக, நூற்றுக்கணக்கில். ஆண், பெண், குழந்தை என்று பிரித்து வைத்திருந்தான். அத்தனையும் நேராக என்னைப் பார்த்தன.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுசில் படமே எடுக்காத ஒருவர் இறந்துபோனால், துஷ்டி வீட்டுக்கே ஸ்டூடியோக்காரரை வரச்சொல்லிக் கிடத்தியிருக்கிற உடம்பைப் படம் எடுப்பார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்குள் அதற்குக் கண் திறந்து, மாலை போடுகிற படமாக ஆக்கிக் கொடுப்பார். முத்துப்பாண்டியின் அப்பா தூரிகையால் கண் திறப்பாராம். மகன் கம்ப்யூட்டரில் செய்கிறான். அதற்காகச் சேர்த்து வைத்த கண்கள் அவை. கல்யாண வீட்டுக் குரூப் படத்தில் கண்ணை மூடிக்கொள்கிறவர்களுக்கும் அதிலிருந்தே எடுத்து வைப்பானாம்.

"பிளெஸ்ஸிக்கு எத வச்ச?"

ஒரு ஜோடியைத் தொட்டுக் காட்டினான். ஆல்பத்தில் நான் பார்த்து மெச்சிய அதே கண்கள்.

"இது யாரு?"

"தெரியலக்கா. அப்பா காலத்துப் படத்துலருந்து எடுத்தது. யாருக்கு வச்சாலும் பொருந்தும்."

இது எம்புள்ள கண்ணு இல்ல என்று ஜெசிந்தா சொன்னது அப்போதுதான் என் மண்டையில் இறங்கியது.  அவள் சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். அவளைப் பார்த்துத் தலையாட்டிய நான்தான் எதையும் பார்க்கவில்லை.

என்ன வியாதி என்று முத்துப்பாண்டியிடம் சொன்னேன். அவன் முகம் செத்துவிட்டது. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, "அக்கா, லென்சு மாத்துனதுக்குப் பொறவும் ஒரு தடவ அப்பிடி வந்துச்சு" என்றான்.

அது கூமாப்பட்டியில் ஒரு காதுகுத்து. மூன்று மாதத்துக்கு முன்னால் எடுத்தது. மாமன் மடியில் உட்கார்ந்து அழுகிற பையன். பதினேழு படத்தில் கண் சரியாக இருந்தது. ஒரே ஒரு படத்தில், கேமராவுக்குச் சற்று ஓரமாகப் பார்க்கும்போது, வலது கண் வெள்ளை. டாக்டருக்கு அங்கிருந்தே போன் போட்டேன். "கருவிய எடுத்துக்கிட்டு நாளைக்குக் காலைல போ. நீயா ரொம்பப் பேசாத. அவங்களயே பாக்க வையி" என்றார்.

மறுநாள் முத்துப்பாண்டியின் பைக்கில் போனோம். மலையடிவாரத்தில் தோப்புக்குள் வீடு. பையன் பெயர் கவின், இரண்டு வயது. முறுக்கு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றான். அப்பா குருசாமி, சொந்தத் தோப்புக்காரர். திருத்தாத படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோயிருந்தோம். அதைப் பார்த்ததும் கவினின் அம்மா கையை இழுத்துக்கொண்டாள். படம் தரையில் விழுந்தது. எடுக்க யாரும் குனியவில்லை.

குருசாமி உள்ளே போய் ஆல்பத்தைக் கொண்டுவந்து அதே படத்தைப் பிரித்துக் காட்டினார். அதில் இரண்டு கண்ணும் கறுப்பு. "நீங்க குடுத்த ஆல்பத்துல நல்லா இருக்கு. இப்ப கண்ண வெள்ளையாக்கிக் கொண்டாந்து பயங்காட்டுதீயளா? எந்த ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிக்க வந்தீய?"

"அண்ணாச்சி, ஆல்பத்துலதான் நா மாத்துனேன். இதுதான் நெசம்" என்றான் முத்துப்பாண்டி. அவனை அவர் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். நான்தான் ஒரு முறை ஆல்பத்தை நம்பியவளாயிற்றே.

"எங்க ரெண்டு பேரையும் நம்ப வேண்டாம்ணே. ஒரு ரூமச் சாத்திக் குடுங்க. நீங்களே பாருங்க. தப்பா இருந்தா நா இங்கனயே ஒங்க கால்ல விழுதேன்" என்றேன்.

முனகிக்கொண்டே நெல் மூட்டை அடுக்கிய அறையைக் காட்டினார். ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டோம். கதவைச் சாத்தினோம். பகல் பதினொரு மணிக்கு அந்த அறை இருண்டது. கவின் அம்மா மடியில். இரண்டு நிமிடம் பேசாமல் இருங்கள் என்றேன். வெளியே காற்றில் தென்னோலை உரசும் சத்தம் மட்டும் வந்தது. முதலில் நான் பார்த்தேன். பிறகு கருவியைக் குருசாமியின் கண்ணில் வைத்து, எப்படிப் பிடிப்பது என்று அவர் விரலைப் பிடித்துக் காட்டினேன்.

"மொதல்ல எடது கண்ணு. என்ன தெரியுது?"

"செவப்பா."

"இப்ப வலது."

 கருவியின் துளையை வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். 

"உள்ள என்னமோ உக்காந்திருக்கு" என்றார் கடைசியில்.

கதவைத் திறந்த பிறகும் மனது கேட்காமல் அவரே ஒன்று செய்தார். கவினின் வலது கண்ணைக் கையால் பொத்தினார். அவன் பாட்டுக்கு முறுக்கைக் கடித்தான். கையை மாற்றி இடது கண்ணைப் பொத்தினார். பையன் வீறிட்டு அவர் கையைப் பிராண்டினான். இரண்டாம் தடவையும் அப்படியே. குருசாமி தரையில் விழுந்து கிடந்த படத்தை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "மதுரைக்கு எத்தன மணிக்கு வண்டி எடுக்கணும்?" என்று கேட்டார்.

கவினுக்கு வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். நோய் அதற்குள்ளேயே இருந்தது. இப்போது பள்ளிக்கூடம் போகிறான். செயற்கைக் கண்ணைக் கழற்றிக் காட்டிப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறான் என்று வாத்தியார் புகார் சொன்னதாகக் குருசாமி சிரித்துக்கொண்டே சொன்னார்.

பிளெஸ்ஸிக்கும் கண்ணை எடுத்தார்கள். அவளுக்கு அது நரம்பைத் தாண்டியிருந்தது. ஊசி மருந்து ஏற்றி ஏற்றி முடியெல்லாம் கொட்டிப்போய், பதினோரு மாதம் உயிரோடு இருந்தாள். மூன்று வயது முடியவில்லை. நான் துஷ்டிக்குப் போனேன். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. எஸ்தர் என் தோளில் சாய்ந்து அழுதாள். இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்தவர்கள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. சுவரில் மாட்டப் படம் வேண்டும் என்று முத்துப்பாண்டியிடம் கேட்டார்கள். "கண்ண மாத்தாமக் குடுங்க" என்று ஜெசிந்தா சொல்லிவிட்டாள். அந்தப் படம் இன்றும் அவர்கள் வீட்டில் இருக்கிறது. வருகிறவர்கள் அதன் எதிரே உட்காரத் தயங்குவார்கள். முத்துப்பாண்டி அந்தப் போல்டரில் குழந்தைக் கண்களை மட்டும் அழித்துவிட்டதாகச் சொன்னான். அதன் பிறகு எந்தக் குழந்தைப் படத்தில் கண் மின்னினாலும் எனக்குத்தான் முதலில் போன் வரும்.

இரண்டு வருடம் கழித்து ஜெசிந்தா கையில் முப்பது நாள் சிசுவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஆண் குழந்தை. லீவில் வந்திருந்த புருஷனும் கூட வந்தார். கூடப் பிறந்தவர்களுக்கும் இந்த நோய் வரலாம், அடுத்து குழந்தை பிறந்தால் உடனே கொண்டு வா என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். வேறு நல்ல ஆஸ்பத்திரி எத்தனையோ இருக்கிறது. அவள் எங்களிடம்தான் வந்தாள். டாக்டர் எழுந்து கருவியை எடுக்கப் போனார்.

"அந்த அக்கா மொதல்ல பாக்கட்டும் டாக்டர்" என்றாள் ஜெசிந்தா.

 மூன்று முறை சொட்டு மருந்து விட்டேன். இருட்டறையில் அவள் மடியில் குழந்தை. டாக்டர் சுவரோரம் நின்றார். லைட்டை அணைத்தேன். அந்த இரண்டு நிமிடம் போல நீளமான நேரம் என் ஆயுசில் வேறு இல்லை. யாரும் ஜெபம் பண்ணவில்லை. கருவியை வைத்தேன். வலது கண், சிவப்பு. இடது கண். குழந்தை கண்ணை இறுக்கிக்கொண்டான். காத்திருந்தேன். திறந்தான். சிவப்பு. நம்பாமல் மேலே, கீழே, இரண்டு பக்கம் என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

"ரெண்டும் செவப்பு" என்றேன். "டாக்டரும் பாக்கட்டும். மாசா மாசம் பாக்கணும்."

"நானும் பாக்கணும்" என்றாள்.

கருவியை அவள் கையில் கொடுத்தேன். அவளுக்கு நான் ஒன்றும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மகனின் தலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பார்த்து முடித்த பிறகும் நிமிரவில்லை.

"பிளெஸ்ஸிக்கும் அன்னைக்கு இப்பிடி லைட்ட அமத்திப் பாத்திருக்கலாம்லக்கா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகக் கேட்டாள்.

"பாத்திருக்கணும் தாயி" என்றேன்.

இருட்டில் அவள் கை என் கையைத் தேடி வந்தது. கருவியை என் கையில் வைத்துவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "அடுத்த மாசம் எப்ப வரணும்?" என்று கேட்டாள்.